நான்கு ஏர்களும் ஒரு கோயிலும்

ஆங்கில இலக்கியம் படித்த நேயர்கள் ஒலிவர் கோல்ட்ஸ்மித்தை அறிவார்கள். ‘கைவிடப்பட்ட கிராமம்’ என்ற அவருடைய நெடுங்கவிதை 1770ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதை அவர் ஓவியர் ஜோஷுவா ரெனோல்ட்ஸுக்குச் சமர்ப்பணம் செய்தார். தமக்கு எதிராக எழக்கூடிய ஒரு கண்டனத்துக்கு அந்தச் சமர்ப்பண உரையிலேயே அவர் முன்கூட்டி விடை சொல்லுகிறார். ஊர்கள் இப்படிக் குடியற்றுப் போவது கவிஞனின் கற்பனையிலன்றி வேறெங்கும் நடப்பதில்லை என்று அறிவுள்ள நண்பர்களே சொல்லப்போகிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. சில ஆண்டுகளாக நாட்டுப்புறங்களிலே திரிந்து, கண்ணாற் கண்ட பின்பே எழுதினேன் என்பது அவர் அளித்த விடை.

அந்தக் கண்டனம் கோல்ட்ஸ்மித்தோடு முடிந்துவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலே இங்கிலாந்தின் பொருளாதார வரலாற்றை எழுதிய பெரியவர்களிற் சிலரும், அந்நாட்டிலே முற்றாகக் கைவிடப்பட்ட ஊர்கள் மிக அரிது என்றே கருதினர். இன்றோ மத்திய காலத்திலிருந்து மறைந்துபோன ஊர்கள் இங்கிலாந்தில் மூவாயிரம் அளவில் இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். அரிது என்ற சொல் மூவாயிரமாக மாறியது எப்படி? அந்த மாற்றத்திற்குப் பெருங்காரணமாயிருந்த ஓர் ஊரைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். அதன் பெயர் வொரம் பேர்சி.

யோர்க்ஷயர் மாநிலத்தின் கிழக்கே வோல்ட்ஸ் எனப்படும் வெண்சுண்ணக்கற் குன்றுகள் உள்ளன. மோல்ட்டன் என்ற சிறிய பட்டினத்திலிருந்து தென்கிழக்கே 6 மைல் தொலைவில், அக்குன்றுகளிடையே ஒரு பள்ளத்தாக்கின் விளிம்பிலே இவ்வூர் இருக்கிறது. இருந்தது என்று சொல்வதே பொருந்தும். வாகனம் நிறுத்துமிடத்திலிருந்து முக்கால் மைல் நடக்க வேண்டும். பாதை சரிவாக இறங்கி, ஓர் ஓடையைக் கடந்து, மீண்டும் மேலே ஏறுகிறது. நான் போன அன்று வழியிலே மனிதர் எவரையும் காணவில்லை. செம்மறி ஆடுகள்தான் நின்று பார்த்தன. அந்த ஆடுகளைப் பற்றிப் பின்னர் பேச வேண்டியிருக்கும்.

முதலிற் கண்ணுக்குத் தெரிவது ஒரு சிறிய குடிமனைத் தொடர். அதைத் தாண்டினால் கூரையில்லாத ஒரு தேவாலயம். அதன் கோபுரத்தின் ஒரு பாதி விழுந்துவிட்டது. மறுபாதி, வெட்டி வைத்த பழம்போல உள்ளே காட்டியபடி நிற்கிறது. கோயிலுக்கு அப்பால் ஒரு குளம். மேட்டிலே ஏறி நின்றால் எங்கும் பசும்புல். ஆனால் அந்தப் புல் சமனாக இல்லை. நேர்கோடுகளாக மேடுகளும் பள்ளங்களும் ஓடுகின்றன. மாலை வெயில் சரிந்து விழும்போது ஒவ்வொரு மேடும் நிழல் எறிகிறது. அப்போது பார்ப்பவனுக்கு ஊர் தெரியத் தொடங்குகிறது. இதோ ஒழுங்கை, இதோ வளவு, இதோ வளவுக்குள்ளே நீளவாட்டில் ஒரு வீடு, அதற்குப் பின்னால் தோட்டம், தோட்டத்துக்கு அப்பால் வயல். முப்பது நாற்பது வீடுகளின் அடித்தளங்கள் அந்தப் புல்லின் கீழே படுத்திருக்கின்றன.

பங்கு என்ற சொல்லை நம்மிடையே கத்தோலிக்கர் பெரும்பாலும் பயன்படுத்துவர். ஒரு குருவானவரின் பொறுப்பிலே, ஒரே கோயிலுக்குத் தசமபாகம் செலுத்தி, ஒரே சேமக்காலையிலே தம் இறந்தோரை அடக்கஞ் செய்கின்ற ஊர்களின் கூட்டம் அது. மத்திய கால இங்கிலாந்தில் மனிதனுக்கு அரசனை விடப் பங்குக் கோயிலே அண்மையில் இருந்தது. வொரம் பேர்சியின் பங்கிலே ஐந்து ஊர்கள் அடங்கின. வொரம் பேர்சி, திக்சன்டேல், ரெய்ஸ்தோர்ப், பேர்டேல், டௌதோர்ப் என்பன அவை. இவற்றுள் இன்று ஊராக எஞ்சி நிற்பது திக்சன்டேல் ஒன்றுதான். ஏனைய நான்கும் மறைந்தன. கோயில் மட்டும் மறைந்த ஊரிலே நின்றுவிட்டது.

இந்த ஊரை உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் தொல்லியலாளர் அல்லர். மொரிஸ் பெரஸ்போர்ட் என்ற பொருளாதார வரலாற்றாசிரியர். 1920இல் பிறந்தவர். பழைய நிலப்படங்களைத் தரையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில் அவருக்கு அளவற்ற ஈடுபாடு. ஆவணத்தில் ஊர் இருக்கிறது, தரையில் ஊர் இல்லை. ஆனால் தரை மேடுபள்ளமாக இருக்கிறது. இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தவர் அவர். லீட்ஸ் பல்கலைக்கழகத்துக்கு விரிவுரையாளராக வந்தபின், 1948ஆம் ஆண்டில் வொரம் பேர்சிக்கு முதன்முறையாகச் சென்றார். 1950இல் மண்வெட்டியை எடுத்தார். புல்மேட்டின் கீழே உண்மையிலேயே சுவர் இருக்கிறதா என்று பார்ப்பதே அவருடைய நோக்கம். சுவர் இருந்தது. 1954இல் ‘இங்கிலாந்தின் மறைந்த ஊர்கள்’ என்ற அவருடைய நூல் வெளிவந்தபோது, கோல்ட்ஸ்மித் எதிர்பார்த்த அந்தக் கண்டனத்துக்கு வரலாற்றாசிரியன் ஒருவனின் விடையும் கிடைத்துவிட்டது.

அகழ்வு வேலையில் தமக்குப் பயிற்சி போதாது என்பதை உணர்ந்திருந்த பெரஸ்போர்ட்டுக்கு, ஜோன் ஹேர்ஸ்ட் என்ற இளம் தொல்லியலாளர் துணையாக வந்து சேர்ந்தார். அரண்மனை, கோட்டை, மடாலயம் ஆகியவற்றைத் தோண்டுவதே தொல்லியல் என்றிருந்த காலம் அது. குடியானவன் வீட்டைத் தோண்டுவதற்கு வழிமுறையே இங்கிலாந்தில் உருவாகியிருக்கவில்லை. டென்மார்க்கிலே அக்செல் ஸ்டீன்ஸ்பேர்க் என்பவர், ஒடுங்கிய கிடங்குகளை வெட்டாமல், ஒரு வீட்டுப் பரப்பு முழுவதையும் படைபடையாகத் திறந்து பார்க்கும் முறையைக் கையாண்டு வந்தார். ஹேர்ஸ்ட் அதை வொரம் பேர்சிக்குக் கொண்டுவந்தார். மண்ணோடு மண்ணாய்ப்போன ஏழை வீட்டின் சுவர், ஒடுங்கிய கிடங்கிலே பிடிபடாது. முழு வளவையும் திறந்தாற்றான் அது தெரியும்.

அதன்பின் 1990 வரை ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாதத்திலே சில வாரங்கள் அங்கே அகழ்வு நடந்தது. நாற்பது ஆண்டுகள்! பெரும் பணமோ பெரும் நிறுவனமோ தொடக்கத்தில் பின்னால் இருக்கவில்லை. மாணவர்கள், ஆசிரியர்கள், விடுமுறையை அங்கே கழிக்க வந்தவர்கள், பெரஸ்போர்ட் அழைத்து வந்த சீர்திருத்தப் பள்ளி இளைஞர்கள் என்று பலர் வந்து மண் சுமந்தார்கள். நான் மேலே சொன்ன குடிமனைத் தொடரே அவர்களுக்கு முகாம். அவர்கள் கண்டவற்றைப் பதின்மூன்று தொகுதிகளாக வெளியிடும் வேலை 1979இல் தொடங்கி 2012இலேதான் நிறைவெய்தியது. அப்போது ஹேர்ஸ்ட்டும் இல்லை, பெரஸ்போர்ட்டும் இல்லை. முன்னவர் 2003இலும் பின்னவர் 2005இலும் காலமாகிவிட்டார்கள்.

அவர்கள் கண்டவை என்ன? ஒன்றிரண்டை மாத்திரம் சொல்லுகிறேன்.

வீடுகள் நீளமானவை. ஒரு கோடியில் குடும்பம், மறுகோடியில் மாடு. நடுவே எதிரெதிரான இரண்டு வாயில்கள். அடித்தளம் சுண்ணக்கல். வீட்டின் தரையைத் திறந்தபோது அதன் கீழே இன்னொரு சுவர், அதன் கீழே வேறொன்று, அதுவும் சற்றுத் திசைமாறி, என்று அடுக்கடுக்காக வந்தன. இதைப் பார்த்த அகழ்வாளர்கள், குடியானவன் மிக மட்டமான குடிசையிலே வாழ்ந்தான், ஒவ்வொரு தலைமுறையும் அதை இடித்து இடித்துக் கட்டியது என்று எழுதினார்கள். அந்த முடிவு பல பாடநூல்களிலும் ஏறியது.

ஆனால் 1989ஆம் ஆண்டில், அதே அகழ்விலே பணியாற்றிய ஸ்டூவர்ட் ராத்மெல் என்பவர் அந்தச் சான்றுகளை மீண்டும் எடுத்து வைத்துப் பார்த்தார். அவர் கண்டது வேறு. வளைந்த பெருமரத்தை நடுவே பிளந்து, இரு பாதிகளையும் எதிரெதிரே நிறுத்தி முகட்டிலே இணைத்துவிட்டால், கூரையின் பாரத்தை மரமே தாங்கிக்கொள்ளும். சுவர் வெறும் மறைப்பு. மழையிலே சுவர் கரைந்தால் அதை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம்; வீடு அப்படியே நிற்கும். ஆகவே அடுக்கடுக்காகத் தெரிந்தவை பல வீடுகள் அல்ல, நெடுங்காலம் நின்ற ஒரே வீட்டின் பல திருத்தங்கள். கதவுக் கீல்களும் பூட்டுகளும் திறப்புகளும் அங்கே கிடைத்திருந்தன. பூட்டி வைக்க ஒன்றுமில்லாதவன் திறப்பு வைத்திருப்பானா? சான்று முன்பும் அதுதான், பின்பும் அதுதான். ஏழை என்றால் அவன் வீடு ஒரு தலைமுறைக்கு மேல் நில்லாது என்ற நம் எண்ணமே முதலில் அதை வாசித்திருக்கிறது. இந்த ஊர் எனக்குக் கற்பித்த முதற்பாடம் அது.

இன்னொரு வளவிலே, குடியானவன் வீட்டைத் தோண்டிக்கொண்டு போனபோது, அதன் கீழே நன்கு செதுக்கிய கல்லாலான ஒரு நிலவறை வெளிப்பட்டது. பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பிரபுவின் மாளிகையின் அடிப்பகுதி அது. மாளிகை கைவிடப்பட்டபின் அந்த நிலம் குடிகளுக்கு விடப்பட்டு, அதன்மேல் அவர்களின் வீடு எழுந்திருக்கிறது. பிரபுவின் வீடு கீழேயும் குடியானவனின் வீடு மேலேயுமாக இருந்த அந்தக் காட்சியை, தோண்டியவர்கள் ஒரு சிரிப்போடுதான் பார்த்திருப்பார்கள்.

இனிக் கோயிலுக்கு வருவோம். புனித மார்ட்டினின் பெயரால் அமைந்த அந்தக் கோயிலை 1962 தொடக்கம் 1974 வரை உள்ளும் புறமும் தோண்டினார்கள். இங்கிலாந்திலே ஒரு பங்குக் கோயில் இவ்வளவு முழுமையாக ஆராயப்பட்டது அபூர்வம். கோயில் என்பது கட்டடம் மாத்திரமன்று, அது ஒரு குடிசன மதிப்பீட்டு ஏடு என்பதை அந்த ஆராய்ச்சி காட்டியது.

முதலில், பத்தாம் நூற்றாண்டளவில், மரத்தாலான ஒரு சிறு கோயில் இருந்திருக்கலாம். தூண் நட்ட குழிகள் அதற்குச் சாட்சி. அடுத்து ஒரு சிறிய கற்கோயில். 1086ஆம் ஆண்டின் ‘டூம்ஸ்டே’ நில அளவைப் பதிவேட்டிலே இவ்வூரின் பெயர் இடம்பெறுகிறது. நோர்மன்களின் காலத்தில் கோயில் பெரிதாகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வந்து நிற்பவர்களுக்கு இடம் போதாமல் தெற்குப் புறத்திலே ஒரு பக்கச்சாலை சேர்க்கப்படுகிறது. சுவரை இடித்து, தூண்களும் வளைவுகளும் அமைத்து, அகலத்தைக் கூட்டுகிறார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டிலே அதுவும் போதாமல் வடக்கிலும் ஒன்று. அதன்பின் அதனோடு ஒட்டி ஒரு சிற்றாலயம். அந்தப் பங்கிலே மக்கள் பெருகிய காலம் அது. உழுகின்ற நிலம் குன்றின் உச்சிவரை ஏறிய காலமும் அதுதான்.

பின்னர் ஏடு மறுபக்கமாகத் திரும்புகிறது. பதினைந்தாம் நூற்றாண்டு முடிவதையொட்டிப் பக்கச்சாலைகளை இடிக்கிறார்கள். வளைவுகளின் வாயைக் கல்லால் அடைக்கிறார்கள். பதினேழாம் நூற்றாண்டிலே கிழக்குப் புறத்தையும் வெட்டிக் குறுக்குகிறார்கள். இன்றைக்கும் தெற்குச் சுவரின் முன்னால் நின்றால், அடைக்கப்பட்ட அந்த வளைவுகளைக் கல்லிலே காணலாம். திறந்திருந்த வாயில்களை மூடி, தேவைக்கு மட்டும் ஒரு ஜன்னல் வைத்திருக்கிறார்கள். ஆள் இல்லாத வீட்டிலே அறைகளைப் பூட்டிக்கொண்டு ஒரு மூலையில் வாழ்கிற கிழவியை அந்தச் சுவர் எனக்கு நினைவூட்டியது.

அந்த ஆட்களெல்லாம் எங்கே போனார்கள்? ‘கறுப்புச் சாவு’ என்று சிலர் உடனே சொல்வார்கள். 1348இலும் 1349இலும் இங்கிலாந்தின் மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரையான மக்களைக் கொண்டுபோன கொள்ளைநோய் அது. வெறுமையான ஊர் எங்கே தென்பட்டாலும் அதன் பழியைக் கொள்ளைநோயின் மீது போடுவது நெடுங்கால வழக்கம். அந்த வழக்கத்தில் ஒரு வசதி இருக்கிறது. நோய்மீது வழக்குத் தொடர முடியாது. குற்றவாளி என்று எவரையும் தேட வேண்டியதில்லை.

நோய் வொரம் பேர்சியையும் தாக்கியது என்பதில் ஐயமில்லை. அதற்கு முன்பே, 1315 தொடக்கம் 1317 வரையான பெரும் பஞ்சமும், அதையடுத்து வடக்கிலிருந்து வந்த ஸ்கொட்லாந்துப் படைகளின் சூறையாடலும் யோர்க்ஷயரை நலிவித்திருந்தன. ஆனால் ஊர் அழியவில்லை. கொள்ளைநோய்க்குப் பின் நூறு ஆண்டுகளுக்கு மேலாகவும் குடிகள் அங்கே வாழ்ந்தார்கள், உழுதார்கள், வாடகை கொடுத்தார்கள். ஊரை நோய் முடிக்கவில்லை. நோய்க்குப் பிந்திய ஒரு கணக்கு முடித்தது.

அந்தக் கணக்கு எளிமையானது. ஆட்கள் குறைந்ததால் கூலி ஏறியது. தின்ன வாய்கள் குறைந்ததால் தானியத்தின் விலை விழுந்தது. கம்பளிக்கோ நல்ல கிராக்கி. நூறு ஏக்கரை உழுது விதைத்து அறுக்கப் பல குடும்பங்கள் வேண்டும். அதே நிலத்தில் ஆடு மேய்க்க ஓர் இடையனும் ஒரு நாயும் போதும். பேர்சி குடும்பத்திடமிருந்து பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இந்நிலம் ஹில்ட்டன் குடும்பத்தின் கைக்கு மாறியிருந்தது. அவர்கள் வடக்கே டேரம் மாநிலத்துப் பிரபுக்கள். தங்கள் நிலத்திலே வாழ்பவர்களின் முகத்தை நாள்தோறும் பார்க்கவேண்டிய நிலை அவர்களுக்கு இல்லை.

குடியானவர்களின் ஊர்கள் இவ்வாறு பல இடங்களில் வெறுமையாவதைக் கண்டு அரசு கலங்கியது. 1489இல் வீடுகளை இடிப்பதையும் உழுநிலத்தை மேய்ச்சல் தரையாக்குவதையும் தடுக்க ஒரு சட்டம் வந்தது. குடியானவன்மீது கொண்ட இரக்கம் அதற்கு முதற்காரணமன்று. உழவன் போனால் வரி போகும், போர்வீரனும் போவான் என்பதே கவலை. அந்தச் சட்டம் சரிவர நிறைவேறவில்லை. 1517இல் கர்தினால் வூல்சி, எவரெவர் எங்கெங்கே வீடுகளை அழித்தார்கள் என்று விசாரிக்க ஆணைக்குழுக்களை அனுப்பினார். அவர்களின் பதிவிலே வொரம் பேர்சிக்கும் ஒரு குறிப்பு உண்டு. 1488க்குப் பிந்திய காலத்தில் ஹில்ட்டன் பிரபு அங்கே நான்கு ஏர்களை நிறுத்தி, நான்கு வீடுகளை அழியவிட்டார் என்பது அதன் சாரம்.

நேயர்களே, இங்கே சற்று நின்று யோசிக்கவேண்டும். ஏறத்தாழ ஆறு நூற்றாண்டுகள் மக்கள் வாழ்ந்த ஓர் ஊர் முடிந்துபோன செய்தி இவ்வளவுதான். ஏர்களை எண்ணியிருக்கிறார்கள், வீடுகளை எண்ணியிருக்கிறார்கள். வெளியேற்றிய பிரபுவின் பெயர் இருக்கிறது. வெளியேறிய குடும்பத் தலைவர்களின் பெயர் இல்லை. எத்தனை பிள்ளைகளோடு போனார்கள், எந்தத் திசையாகப் போனார்கள், அந்த மாரிகாலத்தை எங்கே கழித்தார்கள் என்பதெல்லாம் ஆணைக்குழுவின் கேள்விகள் அல்ல. இவர்கள் பேச்சு ஏட்டிலே ஏறவில்லை. அதனாலேதான் பின்வந்த வரலாற்றாசிரியர்கள் அப்படியொன்று பெரிதாக நடக்கவில்லை என்று எழுத முடிந்தது. நாற்பது ஆண்டு மண்வெட்டி வேலை, அந்த ஏட்டில் விடுபட்ட பக்கத்தை எழுதுவதற்கே என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் பக்கத்தின் பெரும்பகுதி சேமக்காலையிலே கிடைத்தது. கோயிலின் உள்ளும் புறமுமாக 687 பேரின் எலும்புகள் எடுக்கப்பட்டன. பெரும்பாலோர் நம் போன்ற சாதாரண மனிதர்கள். பத்தாம் நூற்றாண்டு தொடக்கம் பல நூற்றாண்டுகளில் இறந்தவர்கள். சைமன் மேய்ஸ் என்ற அறிஞர் இவற்றை நெடுங்காலமாக ஆராய்ந்தார். அங்கே வாழ்ந்த பத்து வயதுப் பிள்ளை, இன்றைய பத்து வயதுப் பிள்ளையை விட ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் உயரத்திற் குறைவு. பதினாலு வயதுச் சிறுவன் இன்றைய பத்து வயதுச் சிறுவனளவே நின்றிருக்கிறான். பிள்ளைப் பருவத்தின் பசியையும் நோயையும் எலும்பு மறக்கவில்லை. ஆனாலும் வளர்ந்த ஆண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 169 சென்ரிமீற்றர். அது இன்றைய அளவுக்குச் சற்றே குறைவு. பிந்தியாவது வளர்ந்து ஈடுகட்டியிருக்கிறார்கள்.

இன்னொரு செய்தி அந்தச் சிறு எலும்புகளிலிருந்தே வந்தது. எலும்பிலுள்ள நைதரசன் வகைகளின் விகிதத்தைக் கொண்டு ஒரு குழந்தை தாய்ப்பால் குடித்ததா என்று கணிக்க முடியும். வொரம் பேர்சியின் தாய்மார் ஏறத்தாழ ஒன்றரை வயது வரையேனும் பால் கொடுத்திருக்கிறார்கள். தங்களைப் பற்றி ஓர் எழுத்தும் விட்டுச் செல்லாத பெண்களின் செயல் ஒன்று எண்ணூறு ஆண்டுகளின் பின்பு நமக்குத் தெரியவருகிறது.

ஓர் ஆணின் மண்டையோட்டிலே பெரிய அடிபட்ட காயம். அதன்மேல் ஓட்டைச் சுரண்டித் திறந்து எவரோ வைத்தியம் செய்திருக்கிறார்கள். காலம் 960க்கும் 1100க்கும் இடைப்பட்டது. எலும்பு மீண்டும் வளர்ந்து பொருந்தியிருக்கிறது, ஆள் பிழைத்திருக்கிறான். வைத்தியர் யாரென்று தெரியாது. ஆனால் ஒதுக்குப்புறமான ஒரு குடியானவர் ஊருக்கும் அப்படி ஒரு கை எட்டியிருக்கிறது.

இவர்களை அழகுபடுத்தி மாத்திரம் காட்டுவது நேர்மையாகாது. ஆகவே இதையும் சொல்லவேண்டும். சேமக்காலைக்கு வெளியே, வீடுகளிடையே இருந்த குழிகளில் 137 எலும்புத் துண்டுகள் கிடைத்தன. குறைந்தது பத்துப் பேருடையவை. பதினோராம் நூற்றாண்டு தொடக்கம் பதினாலாம் நூற்றாண்டு வரையானவை. அவற்றிலே கத்தியின் வெட்டுகளும் நெருப்பின் கறுப்பும் உண்டு. 2017இல் வெளியான ஆய்வு, இறந்தவர் எழுந்து நடமாடுவார் என்ற பயத்தினால் உடலைத் துண்டித்து எரித்திருக்கலாம் என்பதே பொருத்தமான விளக்கம் என்று கூறியது. பஞ்சத்திலே மனித இறைச்சி உண்ணப்பட்டிருக்கலாம் என்பதையும் அது எடைபோட்டது; ஆனால் வெட்டுகள் விழுந்த இடங்கள் அதற்கு ஒத்துவரவில்லை. பற்களின் இரசாயன அளவீடு இவர்கள் அயலூரார் அல்லர், அந்தப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் என்று காட்டியது. அதே யோர்க்ஷயரிலே, பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில், நியூபேர்க் மடத்துத் துறவி வில்லியம் எழுதிய வரலாற்றிலும் நடமாடும் பிணங்களைப் பற்றிய கதைகள் வருகின்றன. ஏட்டிலுள்ள கதையும் மண்ணிலுள்ள எலும்பும் ஒரே பயத்தைப் பேசுகின்றன. தம்மவரில் ஒருவரையே அந்த மனிதர் அவ்வளவு பயந்திருக்கிறார்கள்.

இப்படியெல்லாம் வாழ்ந்த ஊர் 1500ஆம் ஆண்டளவில் ஆட்டுப்பட்டியாகிவிட்டது. ஆனால் கோயிலின் கதை அங்கே முடியவில்லை. பங்கிலே திக்சன்டேல் உயிரோடு இருந்தது. அவர்களுக்கு வேறு கோயில் இல்லை. ஆகையால் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக, அவர்கள் குன்றுகளைத் தாண்டி நடந்து, ஒருவரும் வாழாத அந்த ஊருக்கு வந்து, பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள், மணம் முடித்தார்கள், இறந்தவர்களைச் சுமந்து வந்து அங்கேயே அடக்கஞ் செய்தார்கள். 1870ஆம் ஆண்டளவிலேதான் திக்சன்டேலிலே கட்டடக் கலைஞர் ஜோர்ஜ் எட்மண்ட் ஸ்ட்ரீட் வரைந்த புதிய கோயில் ஒன்று எழுந்தது. அதைக் கட்டுவித்தவர் சேர் டட்டன் சைக்ஸ் என்ற நிலக்கிழார்.

இடையிலே பதினெட்டாம் நூற்றாண்டில் காற்று மீண்டும் திசைமாறித் தானியத்துக்கு விலை வந்தது. கோயிலுக்கு அருகே ஒரு பண்ணை எழுந்தது. நான் கண்ட குடிமனைத் தொடர் அந்தப் பண்ணையின் எச்சம். 1853இலே மோல்ட்டனுக்கும் டிரிபீல்டுக்கும் இடையே புகையிரதப் பாதை பள்ளத்தாக்கின் வழியே வந்தது. அதுவும் நிலைக்கவில்லை. 1950இல் பயணிகள் வண்டி நின்றது. 1958இல் சரக்கு வண்டியும் நின்றது. கோயிலின் கடைசி ஆராதனை 1949இலே நடந்தது. பின்பு கூரையின் ஈயத்தைத் திருடிக்கொண்டு போனார்கள். 1959இலே கோபுரத்தின் பாதி சரிந்தது. அகழ்வாளர்கள் கோயிலுக்குள்ளே தோண்டத் தொடங்கியபோது வானம்தான் அதற்குக் கூரை.

இன்று வொரம் பேர்சி அரசின் பாதுகாப்பிலுள்ள வரலாற்றுச் சின்னம். நெடுந்தூர நடைபாதையொன்று அதனூடாகச் செல்கிறது. விளக்கப் பலகைகள் உண்டு. வருவோர் படம் எடுத்துக்கொள்கிறார்கள், குளத்தருகே உணவுப் பொதியை அவிழ்க்கிறார்கள். அது அழகான இடந்தான். அந்த அழகுதான் என்னைச் சங்கடப்படுத்தியது. புல் எல்லாவற்றையும் மூடி, இதெல்லாம் தானாகவே நடந்தது, காலம் செய்த வேலை என்று சொல்வதுபோல இருக்கிறது.

காலம் அப்படி எதையும் தானாகச் செய்வதில்லை. பஞ்சத்தைத் தாங்கினார்கள், கொள்ளைநோயைத் தாங்கினார்கள், படைகளின் சூறையாடலையும் தாங்கினார்கள். மனிதன் ஒருவன் எடுத்த முடிவைத்தான் அவர்களாற் தாங்க முடியவில்லை. மேலே ஏறித் திரும்பிப் பார்த்தேன். வெயில் சரிந்திருந்தது. வளவுகளின் எல்லைகள் ஒவ்வொன்றாக நிழல் கட்டி எழுந்தன. எண்ணிப் பார்க்கத் தொடங்கினேன். நான்கு வீடுகளோடு நிறுத்த முடியவில்லை. அவற்றினிடையே, பழைய ஒழுங்கையின் வழியே, ஆடுகள் மெதுவாக மேய்ந்துகொண்டிருந்தன.